மலைநாட்டு இடுப்பு மூட்டு நோய்

பெங்களூருக்கு வடமேற்கே, மலைநாட்டுப் பகுதியைச் சார்ந்த சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்னும் சிற்றூர் உள்ளது. 1974–75இல் அங்கு இடுப்பு மூட்டு வலியாலும் நடைத் தளர்ச்சியாலும் வருந்துவோர் பலர் காணப்பட்டனர். வயல் நண்டின் வழியே பூச்சி மருந்து உடலிற் சேர்ந்ததோ என முதலில் ஐயுற்றனர். ஐதராபாத் தேசிய உணவூட்ட நிலையமும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஆராய்ந்தன. ஒரே குடும்பங்களில் தலைமுறைதோறும் நோய் தோன்றுவது புலனாயிற்று.

இஃது எலும்பு வளர்ச்சியில் நேரும் பரம்பரைக் குறையாகும், தொற்றுநோய் அன்று. பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு.

வலி தொடங்கிய வயதையும், உறவினருள் வேறெவர்க்கேனும் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அதன்பின் இடுப்பையும் முதுகெலும்பையும் எக்ஸ்-ரே எடுத்து, மூட்டுக் காசநோய் முதலியவற்றினின்று இதனைப் பிரித்தறிவர். நோயின் மூலத்தை நீக்கும் மருந்து இல்லை. வலிநீக்கிகளும் தக்க உடற்பயிற்சியும் துணை செய்யும். மூட்டு மிகச் சிதைந்தவர்க்குச் செயற்கை மூட்டுப் பொருத்தலாம்.

தாங்கி நடக்கும் மாணவனைப் பிறர் அஞ்சி ஒதுக்காதவாறு காப்பது ஆசிரியர் கடமை. அவனுடைய உடன்பிறந்தாரையும் மருத்துவரிடம் காட்டச் செய்வது களப்பணியாளர் கடமையாகும்.