கேளாமல் திறக்கும் சாளரங்கள்

உலாவியில் ஒருவர் ஓர் இணையப்பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் கேளாமலேயே அதன் மேலோ பின்னோ தனிச் சாளரமாகத் திறந்துகொள்ளும் விளம்பரம் பாப்-அப் எனப்படுகிறது. இது 1990களில் ட்ரைபொட் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பிறந்தது. பயனர்கள் தாமே அமைத்த பக்கங்களுக்கு இடமளித்து, அவற்றில் விளம்பரம் இட்டு வருமானம் தேடிய அந்நிறுவனம், ஒவ்வாத உள்ளடக்கத்தின் பக்கத்திலேயே தமது பெயர் தோன்றுவதை விளம்பரதாரர் விரும்பாததால், விளம்பரத்தை வேறொரு சாளரத்துக்கு நகர்த்த முடிவுசெய்தது. அதற்கான நிரலை எழுதிய ஈத்தன் சக்கர்மன், 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரையில் தம் செயலுக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதற்கு எதிரான தடுப்பு உலாவிகளுக்குள்ளேயே உருவானது. 2000ஆம் ஆண்டளவில் ஒபேராவும், 2002இல் மொசில்லாவும் பாப்-அப்பைத் தடுக்கும் வசதியுடன் வந்தன; 2004 ஓகஸ்ட்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சேவைத் தொகுப்பின் வாயிலாக மைக்ரோசொப்ட்டும் அதனைத் தன் உலாவியில் சேர்த்தது. பயனர் எதையும் தொடாதிருக்கையில் ஒரு பக்கம் தானாகப் புதிய சாளரத்தைத் திறக்க முயன்றால் அதை மறுத்துவிடுவதே இத்தடுப்பின் அடிப்படை. ஆனால் பயனர் தொட்டால் உலாவி அதை அவருடைய விருப்பமாகவே கொள்கிறது என்பதை அறிந்த விளம்பர வலைப்பின்னல்கள், பக்கம் முழுவதன் மீதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கை விரித்து, வாசகர் எங்கே தொட்டாலும் அந்தத் தொடுகையையே அனுமதியாக்கிக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்தன. படம் பார்க்கும் பொத்தானை முதன்முறை தட்டும்போது சூதாட்டத் தளமொன்று திறப்பதும், திரும்பிவந்து இரண்டாம் முறை தட்டும்போதே படம் ஓடுவதும் இதனால்தான்.

இன்று கைப்பேசிகளில் பெருந்தொல்லையாக இருப்பது இதற்கு அடுத்த தலைமுறை. 2015இல் குரோம் உலாவி, ஒரு தளம் மூடப்பட்ட பின்னரும் அது பயனருக்குச் செய்தி அனுப்பக்கூடிய அறிவிப்பு வசதியை அறிமுகப்படுத்தியது. செய்தித்தளங்களுக்கும் மின்னஞ்சல் சேவைகளுக்கும் பயனளிக்க வேண்டிய இவ்வசதியை விளம்பரக்காரர் கைப்பற்றிக்கொண்டனர். ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அலவ் என்பதைத் தட்டுங்கள்’ என்று ஒரு பக்கம் பெரிய எழுத்தில் கேட்கும். அம்புக்குறி ஒன்று அந்தப் பொத்தானைச் சுட்டி நிற்கும். உலாவி காட்டும் அனுமதிப் பெட்டியின் சொற்களைத் தளத்தால் மாற்ற முடியாது. தளத்தின் பொய்யெல்லாம் அப்பெட்டிக்கு வெளியேதான் எழுதப்பட்டிருக்கும். பெட்டிக்குள் இருப்பதோ இத்தளம் அறிவிப்புகளை அனுப்பலாமா என்ற ஒரே கேள்விதான். ரோபோவைச் சோதிக்க எந்த நேர்மையான தளமும் இந்த அனுமதியைக் கேட்பதில்லை. ஏமாந்து அனுமதித்தவரின் கைப்பேசிக்கு, தளம் மூடியிருந்தாலும் விளம்பரங்கள் அறிவிப்புகளாக வந்துகொண்டே இருக்கும்.

இலங்கையில் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை போன்ற வடகொழும்புப் பகுதிகள் 2020இன் இறுதியில் கொவிட் பரவலால் தனிமைப்படுத்தப்பட்டு, பாடசாலைகளும் மூடப்பட்டிருந்த மாதங்களில், பல வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி பிள்ளைகளின் வகுப்பறையாகவும் ஆயிற்று. ரீலோட் போட்டு இயக்கப்படும் ஒரே கைப்பேசியில் பிள்ளை பாடக்குறிப்பையும், பெரியவர்கள் இலவசக் கிரிக்கெட் நேரலையையும் திருட்டுப் படத் தளங்களையும் பார்க்கும் வீடுகளில், பெரியவர் ஒருவர் தட்டிய அனுமதியின் விளைவு பிள்ளையின் கண்முன் ஆபாசப் படமாக வந்து நிற்கிறது. தரவுக்குக் கொடுத்த பணமும் அதில் கரைகிறது. இதை வைரஸ் என்று எண்ணிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுசென்று, கைப்பேசியிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு வருவோரும் உண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை; கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றாலே போதும்.

வந்த அறிவிப்பை உற்றுப் பார்த்தால் உலாவியின் சின்னமும், சிறிய எழுத்தில் அதை அனுப்பிய தளத்தின் முகவரியும் தெரியும். அதைத் தட்டித் திறக்காமல், விரலை அதன்மேல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அத்தளத்தின் அறிவிப்பை நிறுத்தும் வழி தோன்றும். எல்லாவற்றையும் ஒருசேரக் களைய விரும்புவோர், அன்ட்ரொயிட் கைப்பேசியின் குரோம் உலாவியில் மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, அமைப்புகளுக்குள் தள அமைப்புகளைத் திறந்து, அங்கே அறிவிப்புகள் என்ற பகுதியில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பார்த்து, தெரியாத பெயர்களையெல்லாம் தடைசெய்ய வேண்டும். பாப்-அப்பைத் தடுக்கும் விசையும் அதே தள அமைப்புகளில்தான் உள்ளது. ஐபோனில் சஃபாரியின் அமைப்புகளில் அதற்குரிய விசை இருக்கிறது.

உலாவி மூடியிருக்கும்போதே முழுத்திரையை அடைத்து விளம்பரம் வந்தால் குற்றவாளி வேறு; அண்மையில் நிறுவிய செயலி ஒன்றே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். 2020 பெப்ரவரியில் கூகுள் நிறுவனம் இத்தகைய தொந்தரவு விளம்பரங்களுக்காக ஏறத்தாழ 600 செயலிகளைத் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது என்பதே, டோர்ச் விளக்கு, சுவர்ப்படம் என்ற பெயரில் வரும் செயலிகளை நிறுவுமுன் தயங்குவதற்குப் போதிய காரணம்.

பயர்பொக்ஸ் உலாவியில் யுபிளொக் ஒரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்தால் விளம்பரங்களே பெரும்பாலும் வராது. அது அன்ட்ரொயிட் கைப்பேசியிலும் இயங்கும். ஆயினும் விளம்பர வருமானத்தாலேயே இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் தமிழ்ச் செய்தித்தளங்கள் இருப்பதால், தாம் நாள்தோறும் நம்பி வாசிக்கும் தளத்துக்கு மட்டும் விலக்களிப்பதே முறை.

இவை அனைத்திலும் எளியதும், தமிழ் வாசகருக்கு மிகவும் பொருந்துவதுமான ஒரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. தமிழை நன்கு வாசிப்பவரின் கைப்பேசியும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆகவே அனுமதிக் கேள்வி வாசிக்கப்படாமலேயே சம்மதம் பெறுகிறது. கைப்பேசியின் மொழியைத் தமிழாக மாற்றினால் உலாவி அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கும். கேள்வி விளங்கினால் மறுப்பதும் எளிதாகும்.

இத்தகைய விளம்பரங்களின் வழியே திறக்கும் பக்கங்களில், பயனரின் ஐபி முகவரியைக் கொண்டு அவருடைய தொலைத்தொடர்பு நிறுவனத்தை அறிந்து, அதன் பெயரிலேயே பரிசு விழுந்ததாக வாழ்த்துபவையும் உண்டு. அவற்றில் வங்கி அட்டை எண்ணையோ குறுஞ்செய்தியில் வந்த இரகசியக் குறியீட்டையோ கொடுத்துவிட்டவர், முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்ல வேண்டும். அதன்பின், 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடம் 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வெட்கத்தால் நாளைக் கடத்த வேண்டாம்.