ருசி பார்த்த பிறகு விதை வாங்குங்கள்

கோடையில் அறுப்பு முடிந்து, அடுத்த நடவுக்குத் தண்ணீர் வரும்வரை காவிரிக் கடைமடை விவசாயிக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டிப் பகுதியின் நெல் திருவிழா இந்த இடைவெளியில்தான், பெரும்பாலும் ஒரு சனி, ஞாயிறில், நடந்து வந்திருக்கிறது. கோ. நம்மாழ்வார் தந்த ஊக்கத்தால் 'நெல்' ஜெயராமன் 2006-ல் ஆதிரெங்கம் கிராமத்தில் இதைத் தொடங்கினார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் விழா நடந்தது.

பேச்சும் கண்காட்சியும் ஒருபுறம் இருக்கட்டும். பந்தியை மட்டும் தவற விடாதீர்கள். இங்கே பாரம்பரிய அரிசியில்தான் சமையல். பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு விதை வாங்கிப் போய், விளைந்த பிறகு வீட்டில் யாரும் தொடாமல் திண்டாடிய குடும்பங்கள் உண்டு. பொன்னி அரிசிக்குப் பழகிய நாக்குக்குச் சிவப்பரிசிச் சோறு முதலில் முரடாகத்தான் இருக்கும். ஆகவே குடும்பத்தோடு போவது நல்லது. உலை வைப்பவர்களின் அபிப்பிராயம் இதில் முக்கியம்.

மாப்பிள்ளைச் சம்பாவைச் சோறாகச் சாப்பிட்டுவிட்டு முடிவு கட்ட வேண்டாம். இரவில் தண்ணீர் ஊற்றி, காலையில் நீராகாரமாகக் குடித்தால்தான் அதன் குணம் தெரியும். சின்ன வெங்காயம் ஒன்று போதும், வேறு தொடுகறி வேண்டியதில்லை! செட்டிநாட்டார் இனிப்புச் செய்யும் கருப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், இல்லையேல் வேகாது. தூயமல்லி வெள்ளையரிசி, வீட்டில் எதிர்ப்பு இராது.

ருசி பிடித்தாலும் வயலைக் கேட்டுத்தான் விதை வாங்க வேண்டும். பூங்கார் சுமார் மூன்று மாதத்தில் வந்துவிடும், குறுவைக்கும் ஆகும். காட்டுயானத்துக்கு ஆறு மாதம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் தாங்கி நிற்கும். மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளர்வது. அதற்கு யூரியாவை அள்ளிப் போட்டால் ஐப்பசி மழையில் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும். சிவப்பும் கறுப்புமான நெல்லை அரைத்துத் தர மில்காரர் சம்மதிப்பாரா, வாங்க ஆள் இருக்கிறார்களா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

இந்த விழாவின் வழக்கம், 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது. அது வேறொரு விவசாயிக்குப் போகும். ஒற்றை நாற்று முறையில் ஏக்கருக்கு 3 கிலோ வரை விதை தேவைப்படும். எனவே இந்த 2 கிலோ அரை ஏக்கருக்கு மேலேயே வரும். புதிதாகச் செய்பவர் அதிலும் பாதி நிலத்தில் பார்த்தால் போதும்.

திருப்பித் தரும் விதை கலப்பில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த ரக வயலிலிருந்து 10 அடியாவது தள்ளி நடுங்கள். பூக்கும் சமயத்திலும் கதிர் முற்றும் சமயத்திலும் இறங்கிப் பார்த்து, உயரத்திலோ நிறத்திலோ மாறி நிற்பதைப் பிடுங்கிவிடுங்கள். களத்தையும் சாக்கையும் சுத்தம் செய்த பிறகே அடிக்க வேண்டும். நன்றாகக் காயவைத்த நெல்லில் 4 கிலோவை முதலில் எடுத்து, நொச்சி இலை போட்டுக் கட்டி, ரகத்தின் பெயரை எழுதிப் பரணில் ஏற்றிவிட்டு, மிச்சத்தைக் குதிரில் கொட்டலாம்.