08 என்பது ஆகஸ்டா, பேராக்கா?

லகாட்டிலோ மெங்லம்புவிலோ ஈப்போவிலோ பிறந்த தம்பி தங்கைகளே, உங்கள் மைகிட் அடையாள அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் ஆறும் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டு இலக்கம் 08. அது பேராக் மாநிலத்தின் எண். சிலாங்கூரில், கிள்ளானில் பிறந்த மாமா பிள்ளையின் அட்டையில் அந்த இடத்தில் 10 இருக்கும். பினாங்கில் பிறந்தவருக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

இதெல்லாம் தெரியாத ஒருவர் கண்ணில், பைத்தான் என்ற கணினி மொழியில் யாரோ எழுதிய நிரலிலிருந்து இந்த ஒரு வரி மட்டும் படுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

எண்[6:8] == "08"

ஸ்கிராட்சில் வண்ணக் கட்டங்களை இழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும். ('எண்' என்று தமிழில் இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? 2008-இல் வந்த பைத்தான் 3 முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) சரி, சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பார்ப்போம். அது 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. அம்மாவோ அக்காவோ ஆசிரியரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

வரியை ஒட்டிவிட்டு "இது என்ன?" என்று மட்டும் கேட்டால், "ஆகஸ்டு மாதமா என்று பார்க்கிறது" என்று பதில் வரக்கூடும். ஏன் தெரியுமா? மனிதர்கள் எழுதிய ஏராளமான எழுத்தையும் நிரல்களையும் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகிய கருவி அது. 2017-இல் கூகுளில் அசீஷ் வாஸ்வானியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்தகைய கருவிகளுக்கு அடித்தளம். 08 என்பது மாதமாக வருவதை அது எத்தனையோ இடங்களில் படித்திருக்கும். இது அடையாள அட்டை எண் என்று நாம் சொல்லவே இல்லையே! விட்ட இடத்தை அது ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது. அதையும் தயங்காமல், தெரிந்தவர் பேசும் தோரணையில் சொல்லும்.

இப்படிக் கேட்டால் என்ன ஆகும்?

"நான் ஆறாம் ஆண்டு மாணவி. ஸ்கிராட்ச் தெரியும், பைத்தான் தெரியாது. 'எண்' என்பது மலேசிய அடையாள அட்டை எண், நடுவில் கோடு கிடையாது. 150230081234 என்று கொடுத்தால் இந்த வரி என்ன செய்யும்? படிப்படியாகச் சொல்லுங்கள்."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் கொடுத்த எண்ணில் பிறந்த நாள் பிப்ரவரி 30. அப்படி ஒரு நாளே கிடையாது, ஆகவே அது யாருடைய எண்ணும் இல்லை. உங்கள் சொந்த அடையாள அட்டை எண்ணையும் வீட்டில் யாருடைய எண்ணையும் இந்தக் கருவிகளில் தட்டவே கூடாது.

இப்போது நல்ல விளக்கம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் "6 முதல் 8 வரை உள்ள இலக்கங்களை எடுக்கிறது" என்று ஒரு வாக்கியம் அதில் வரலாம். அதை நம்பி விரல்விட்டு எண்ணினால் உங்களுக்குக் கிடைப்பது 008, மூன்று இலக்கம்! பைத்தான் 1-இலிருந்து எண்ணாது, 0-இலிருந்து எண்ணும். தொடக்கமான 6-ஐ எடுத்துக்கொள்ளும், முடிவான 8-ஐத் தொடாது. ஆகவே 6-ஆம் இடமும் 7-ஆம் இடமும் மட்டும்: 0, 8. அது "08"தானா என்று == ஒப்பிட்டுப் பார்க்கும். மாதிரி எண்ணைக் கொடுத்துக் கேட்டதன் பயன் இதுதான். சொல் வழுக்கினாலும் இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அட்டையில் அச்சாகியிருப்பதுபோல் கோடு போட்டு 150230-08-1234 என்று கொடுத்தால் விடை என்ன? முதலில் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கருவியிடம் கேளுங்கள். கடைசியாக நிரலையே கணினியில் ஓட்டிப் பாருங்கள். கோடும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும். 6-ஆம் இடத்தில் கோடு, 7-ஆம் இடத்தில் 0. அது "08" ஆகாது. பேராக்கில் பிறந்தவரைப் பார்த்து நிரல் "இல்லை" என்றுவிடும். மூன்று விடைகளும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டிப் பார்த்ததுதான் சரி. விளக்கம் சொல்லும் கருவி பல நேரங்களில் நிரலை ஓட்டுவதில்லை, படிக்க மட்டுமே செய்கிறது.

படிப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிரலில் # குறி போட்டு மனிதர்கள் குறிப்பு எழுதுவார்கள். கணினி அதைக் கண்டுகொள்ளாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியோ அதையும் சேர்த்துப் படிக்கும். இந்த வரிக்குப் பக்கத்தில் யாராவது "# வசிக்கும் மாநிலம்" என்று எழுதிவைத்திருந்தால், கருவியும் அதையே திருப்பிச் சொல்லலாம். உண்மையில் அது பிறந்த மாநிலம். கிள்ளானில் பிறந்து லகாட்டுக்குக் குடிவந்த பிள்ளைக்கு அந்த 10 மாறவே மாறாது.

"இந்த நிரல் எப்போது தவறும்?" என்றும் கேளுங்கள். பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. பேராக்குக்கு 08 மட்டுமல்ல, 36 முதல் 39 வரையும் எண்கள் உண்டு. நம் வரி அவற்றை விட்டுவிடுகிறது.

கருவி குறைவாகப் படித்திருக்கும் நிரல் மொழிகளில் இன்னும் கவனம் தேவை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' முழுக்கத் தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. திரையில் ஒன்றைக் காட்ட அதில் 'பதிப்பி' என்று எழுதுவார்கள். பைத்தானோடு ஒப்பிட்டால் இணையத்தில் எழில் நிரல்கள் மிகக் குறைவு. அங்கே ஊகத்துக்கு இடம் அதிகம்.

இனி உங்கள் முறை. ஒரு நிரல் அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை எடுத்து, அதோடு 2000-ஐக் கூட்டிப் பிறந்த ஆண்டைச் சொல்கிறது. 15 என்றால் 2015, உங்களுக்குச் சரியாக வரும். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டி பிறந்தது 1956. அவருக்கு இந்த நிரல் எந்த ஆண்டைச் சொல்லும்? அதைத் திருத்த வேண்டுமானால் செயற்கை நுண்ணறிவிடம் பாட்டியைப் பற்றி என்னென்ன சொல்லிக் கேட்பீர்கள்?