பழைய லேண்ட்ரோவருக்கு வேறு எஞ்சின்: பணம் கொடுக்குமுன் யோசிக்க வேண்டியவை

மண்சரிவுக்குப் பின் சொந்த இடத்தை விட்டு வந்து, புதிய நிலத்தில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் குடும்பங்கள் சில கூட்டாகச் சேர்ந்து பழைய லேண்ட்ரோவர் ஒன்றை வாங்குவதை நாம் காண்கிறோம். மரக்கறி மூட்டைகளைத் தார்வீதிவரை இறக்கவும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அவர்களுக்கு வேறு வழியில்லை. வாங்கிய சில மாதங்களில் எஞ்சின் புகை கக்கத் தொடங்குகிறது. “ஜப்பான் எஞ்சின் ஒன்றை மாற்றிப் போடலாமா ஃபாதர்?” என்று எம்மிடம் கேட்கிறார்கள்.

போடலாம். மலையகத்தில் ஓடும் பழைய லேண்ட்ரோவர்கள் பலவற்றின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது இசுசுவோ, நிசானோ, டொயோட்டாவோதான். ஆனால் எஞ்சினின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்கும் குழு பாதி வழியில் நின்றுவிடும். கராஜில் அக்கக்காகக் கழற்றிய நிலையில், மழையில் நனைந்து கிடக்கும் வண்டிகள் இதற்குச் சாட்சி.

லேண்ட்ரோவர் 1948இல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. யுத்தத்துக்குப் பின் உருக்கு கிடைப்பது கடினமாக இருந்ததால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். துரைமார் ஓட்டிய வண்டிகள் இன்றும் உருக்குலையாமல் நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் அடியிலுள்ள செசி இரும்பு. எமது மழை அதைத் தின்றுவிடும். ஆகவே முதலில் ஒரு சுத்தியலை எடுத்து, வில்லுத்தகடுகள் பிடித்திருக்கும் இடங்களையும் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலித்தால் நல்லது. ‘பொத்’ என்று ஒலித்தால் எஞ்சின் பேச்சை விட்டுவிட்டு ஒட்டு வேலைக்காரரிடம் போங்கள்.

இந்த மாற்று வேலை எமது நாட்டுக்குப் புதியதல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, உள்ளதைக் கொண்டு ஓட்டும் பழக்கம் எம்மவர்க்கு வந்தது. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது; ஜப்பானில் பாவித்த எஞ்சின்கள் வந்து குவிய, கொழும்புப் பஞ்சிகாவத்தை அவற்றின் சந்தையாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025வரை வழி திறக்காதிருந்ததில் பழைய வண்டிகளின் மதிப்பு இன்னும் கூடியது. டீசல் லீற்றர் 2022 தொடக்கத்தில் 121 ரூபாயாக இருந்து அவ்வாண்டு ஜூனில் 460 ரூபாயானதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் போட நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூவுக்கு ஏறும் பழைய லேண்ட்ரோவர்கள் சிலவற்றில் மஹிந்திரா எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். அங்கும் தேயிலை மலை, அங்கும் கல்வீதி.

இனி விடயத்துக்கு வருவோம். 1961இல் வந்த லேண்ட்ரோவர் டீசல் எஞ்சின் 2286 சிசி. ஏறக்குறைய 62 குதிரைவலு. கியர்பாக்ஸும் பின் அச்சுக்களும் அந்த அளவு இழுவைக்கென்றே செய்யப்பட்டவை. 1989இல் வந்த 200 டிடிஐ என்ற டர்போ எஞ்சினின் இழுவை அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பூட்டி, மூட்டைகளை ஏற்றி, மேட்டில் முதலாம் கியரில் அழுத்தினால் பின் அச்சுத் தண்டு முறியும்; அல்லது கியர்பாக்ஸ் பற்கள் உதிரும். அந்த எஞ்சினை ஓட்டத் தெரிந்த நிதானமான சாரதி ஓட்டலாம். ஆனால் கூட்டு வண்டிக்குப் பல சாரதிகள்! ஆகவே டர்போ இல்லாத எஞ்சினே பொருத்தம் என்பது எமது எண்ணம். இசுசு 4ஜேபி1 (2771 சிசி) போன்றது போதும்.

இரு வேறு கம்பனிகளின் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேராகப் பொருந்தா. நடுவில் ஓர் இடைத்தட்டு வேண்டும். இதைக் கடைசல் பட்டறையில் சரியாகக் கடைந்து எடுக்க வேண்டும். காஸ் கொண்டு வெட்டிய தகட்டை ஒருபோதும் ஏற்காதீர்கள். மையம் ஒரு மயிரிழை விலகினாலும் கிளட்சும் பெயரிங்கும் அடிக்கடி போகும். எண்ணெய்ச் சட்டி முன் அச்சில் இடிக்கிறதா என்பதை, எஞ்சினை இறுக்குவதற்கு முன், வில்லு முழுதாக அமுங்கிய நிலையில் பாருங்கள். ஜப்பான் லொறிகளில் 24 வோல்ட் மின்சாரமுள்ளவை உண்டு. உங்கள் வண்டி 12 வோல்ட். ஸ்டார்ட்டரை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எமது சொந்த அனுபவம் இது. முன்பு எம்மிடமிருந்த வண்டிக்கு டீசல் எஞ்சின் பூட்டிய கராஜ்காரர், செலவைக் குறைப்பதாக எண்ணி, புது எஞ்சினோடு வந்த அல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டினார். வெளிச்சம் எரிந்தது, பெற்றரி ஏறியது, எல்லாம் சரி. நோர்வூட் பக்கம் இறக்கத்தில் பிரேக் மிதி கல்லாக இறுகிற்று. வண்டியை மண்மேட்டில் சாய்த்துத்தான் நிறுத்தினோம். பெற்றோல் எஞ்சின் தானே உறிஞ்சும் வெற்றிடத்தால் பிரேக் சேர்வோ வேலை செய்யும். டீசல் எஞ்சினுக்கு அந்த உறிஞ்சல் இல்லை. அல்டர்னேட்டரின் பின்புறமுள்ள சிறிய பம்ப்தான் அதைச் செய்கிறது. அதைக் கழற்றி எறிந்தால் சேர்வோ செத்துவிடும்.

பழைய மாதிரிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே பிரேக் குழாய்த் தொடர். ஓரிடத்தில் வெடித்தால் முழுப் பிரேக்கும் போகும். முன்னும் பின்னும் தனித்தனியான தொடருக்கு மாற்றுங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லை வீதியில் பஸ்ஸொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழுபேர் இறந்த அந்த இறக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். வேகமாக ஏறும் வண்டி, அதே சுமையோடு இறங்கவும் வேண்டும். பணம் எல்லாவற்றுக்கும் போதாதென்றால் பழைய எஞ்சினையே ஓவர்ஹோல் செய்து, மிச்சத்தைப் பிரேக்குக்குக் கொடுங்கள்.

பத்திர வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவை. மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் விபத்தொன்றின்போது காப்புறுதியில் சிக்கல் வரும். வண்டியை விற்கவும் முடியாது. எஞ்சின் வாங்கும் கடையில் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியும் தராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். பற்றுச்சீட்டைக் குழுவின் பெயரில் எழுதுவியுங்கள். ஒருவரின் பெயரில் எழுதிப் பிறகு சண்டையில் முடிந்த கதைகள் எமக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் முதல் நாளே மூட்டை ஏற்ற வேண்டாம். வெறும் வண்டியை ஒரு கிழமை ஓட்டி, எஞ்சின் தாங்கிகளின் ஆணிகளையும் இடைத்தட்டின் ஆணிகளையும் மீண்டும் இறுக்கி, எண்ணெய் ஒழுகுகிறதா என்று கீழே கடதாசி விரித்துப் பார்த்தபின் பாதிச் சுமையோடு உங்கள் மேட்டில் ஏற்றி இறக்குங்கள்.