பழைய மோட்டார் சைக்கிள் வாங்க முன்னர்

மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கும் சகோதரி ஒருவர் கடந்த வருடம் என்னைத் தேடி வந்தார். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்து ஆளாக்குபவர்.

"பிள்ளை, உழைக்கிறதிலை பாதி ஓட்டோவுக்கே போகுது. சீட்டுக் காசு கையிலை கிடக்கு. தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் ஸ்கூட்டி ஒண்டு விக்கிறான். நாளைக்கே அட்வான்ஸ் கேக்கிறான்" என்றார்.

"புத்தகம் பாத்தீங்களோ அக்கா?"

"தெரிஞ்ச பெடியனிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது?"

எங்களில் பலர் ஏமாறுவது இந்தக் கூச்சத்தினால்தான். மறுநாள் இருவரும் போய்ப் பார்த்தோம். அவர் காட்டியது பதிவுப் புத்தகத்தின் போட்டோப் பிரதி. அதில் அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை! அவர் தவணை கட்டாமல் விட்டால் வாகனம் யாரிடம் நின்றாலும் நிறுவனம் தூக்கிக்கொண்டு போய்விடும். அக்காவின் சீட்டுக் காசும் அதோடு போயிருக்கும். நாங்கள் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம்.

முதலில் பத்திரங்கள்

மூலப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவையும் ஒன்றாக இருக்க வேண்டும். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் அந்த வாகனம் வேண்டாம்.

புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா? எங்கள் பகுதியில் சில வாகனங்கள் இறந்துபோனவர்கள், காணாமற்போனவர்கள், வெளிநாடு போனவர்களின் பெயரில் இன்னும் நிற்கின்றன. உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் அவற்றை உங்கள் பெயருக்கு மாற்றுவது இலகுவல்ல. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, கை மாறி மாறி வரும் வாகனங்களும் உண்டு. அதற்கிடையில் அந்த வாகனத்தால் விபத்தோ குற்றமோ நடந்திருந்தால் விசாரணை உங்களிடம் வரும்.

வருடாந்த வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதிகளைப் பாருங்கள். வரி கட்டாமல் விடப்பட்டிருந்தால் நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் விசாரித்து, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வாகனம்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். போனவுடன் எஞ்சினுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வர முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆற விட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சினுக்குள் ஓயில் எரிகிறது. பெரிய செலவு காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. பெரும்பாலும் சிறிய திருத்தம்தான்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். அதைக் குறைத்து வைக்கலாம். கைபிடி றப்பரும் மிதிபலகையும் தேய்ந்திருக்க, மீற்றர் குறைவாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். முன் போக்கில் ஓயில் கசிகிறதா, பிறேக் பிடிக்கிறதா, ரயர் தேய்ந்துள்ளதா, ஓடும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் விழுந்து எழும்பிய வாகனமாக இருக்கலாம். உப்புக் காற்றுப் படும் எங்கள் குடாநாட்டில் அடிப்பகுதித் துருவைக் குனிந்து பார்ப்பது அவசியம். புதுப் பெயின்ற் துருவை மறைக்கும்.

திருத்துபவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சிறு தொகை வீண்செலவல்ல. ஆனால் விற்பவர் கூட்டிவரும் திருத்துநர் வேண்டாம்.

பணம் கொடுக்கும் போது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆகவே பழைய விலையைக் கேட்டு அவசரப்படாமல் மூன்று நான்கு இடங்களில் விசாரியுங்கள். பணத்தை வங்கி மூலம் கொடுத்தால் அத்தாட்சி இருக்கும். கையில் கொடுத்தால் சாட்சியோடு எழுத்தில் வாங்குங்கள். 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. வாகனத்தை அண்ணன், தம்பி பெயரில் பதிய வேண்டாம். உங்கள் உழைப்பில் வாங்கியது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரமும் எடுங்கள். 100 சிசிக்கு மேற்பட்ட வாகனத்துக்கு வேறு வகுப்பு என்பதால், எதை வாங்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த மண் இது. எங்களுக்கு விளங்காத இயந்திரம் ஒன்றுமில்லை.

அந்த அக்கா இரண்டு மாதம் பொறுத்திருந்து வேறொரு ஸ்கூட்டி வாங்கினார். இம்முறை புத்தகத்தை முதலில் கேட்டவர் அவர்தான். இப்போது முன்பலகையில் கத்தரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு சந்தைக்கு வருகிறார். "அண்டைக்கு வெக்கப்பட்டிருந்தா இண்டைக்கு அழுதுகொண்டு இருந்திருப்பன் பிள்ளை" என்பார்.

கேட்பதில் வெட்கமில்லை, சகோதரிகளே. கேளுங்கள்.