பிரேக்கை மாற்றுமுன் பேடைக் கழற்றிப் பாருங்கள்

விடிகாலையில் வேளச்சேரி–தாம்பரம் சாலையில், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து மாடம்பாக்கம் பக்கம் திரும்பும் மவுண்டன் பைக்குகளை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. ஏரிக்கரை, அகரம்தென், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை என்று தாரும் மண்ணும் மாறி மாறி வரும் வழிகள் அவற்றை ஓட்டுபவர்களுடையவை. கிளம்பும்போது சாலை காலியாக இருக்கும். வீடு திரும்பும்போது மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நெரிசலில் உயிர்காப்பது விரலுக்கு அடங்கும் ஒரு லீவர்தான். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் புது செட் என்ன விலை என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

கோளாறு எங்கே?

டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றி, பேடை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டால், ஷிமானோ பேடுகளுக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். பேடுகள் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டார், அதே நிறுவனத்தினுடையது என்றால், புதிதில் 1.8 மி.மீ. தடிமன் இருக்கும், 1.5 மி.மீ. ஆனதும் மாற்றிவிட வேண்டும்.

பேட் தடிமனாக இருந்தும் பிடிக்காமல் கீச்சிடுகிறதா? எண்ணெய் ஏறியிருக்கும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது தெறிக்கும் துளிகளே போதும். ரோட்டாரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். எண்ணெய் ஊறிய பேடுக்கு மாற்று பேட்தான் வழி.

லீவர் மெத்தென்று அமுங்கி ஹேண்டில்பார் வரை வந்தால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுத்தால் சரியாகிவிடும். இந்த மூன்றையும் பார்த்த பிறகும் லீவரிலோ, பேடுகளைத் தாங்கும் காலிப்பரிலோ ஆயில் கசிந்தால், அப்போது புது பிரேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கேபிளா, ஆயிலா?

1949-ல் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களில் ரிம்மை அழுத்தும் ரப்பர் கட்டைகளோடு வளர்ந்தவர்கள் நாம். மழையில் ரிம் நனைந்தால் அந்தக் கட்டை வழுக்கும். டிஸ்க் பிரேக்கின் உராய்வுத் தளம் தேங்கிய தண்ணீரிலிருந்து எட்டி, சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகளுக்கு நடுவே வாழும் நமக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் 'டிஸ்க்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்த சைக்கிள்களில் வருவது கேபிள் டிஸ்க். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கத்து பேட் மட்டுமே நகரும். அது ரோட்டாரை வளைத்து எதிர்ப்பக்கம் தள்ளித்தான் பிடிக்கும். தேயத் தேய நாமே திருகிச் சரிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் கேபிள் துருப்பிடித்து இறுகும். ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக்கில் இரண்டு பேடும் சேர்ந்து நகரும், தேய்மானத்தையும் தானே ஈடுகட்டும். பள்ளிப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் பெற்றோர், ஸ்டிக்கரை நம்பாமல் லீவரிலிருந்து இறங்குவது கேபிளா ஹோஸா என்று பார்ப்பது நல்லது.

வாங்கும் வரிசை

முதலில் பொருத்தம். காலிப்பர் போல்ட் அச்சுக்கு இணையாகப் பக்கவாட்டில் நுழைந்தால் ஐ.எஸ். மவுண்ட், ஃபோர்க்கின் பக்கமாக நேராக நுழைந்தால் போஸ்ட் மவுண்ட். ஹப்பில் ரோட்டார் ஆறு போல்ட்டில் நிற்கிறதா, சென்டர்லாக்கா என்பதையும் பாருங்கள். நம்மூரில் வலது லீவர்தான் முன் பிரேக். பல நாடுகளில் இது இடப்பக்கம். ஆயில் நிரப்பி வரும் செட்டில் முன் ஹோஸ் குட்டை, பின் ஹோஸ் நீளம். பக்கம் மாறி வந்தால் ஹோஸைக் கழற்றி மாட்டி மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் 'வலது லீவர், முன் சக்கரம்' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஆயில். இதில்தான் நம் பகுதியில் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா ஆகியவை மினரல் ஆயில் பிரேக்குகள். ஹோப் பிரேக்குகளும் ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களும் டாட் திரவத்தில் இயங்குபவை, ஸ்ராமிலேயே டி.பி.8, மேவன் போன்றவை மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டன. மோட்டார் பைக் மெக்கானிக் கடையில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4. 'பிரேக் ஆயில்தானே' என்று அதை ஷிமானோவில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே திறக்கவேண்டும்.

மூன்றாவது, பேட். ரெசின் பேட் சத்தமில்லாமல் சட்டென்று பிடிக்கும். மழைச் சேற்றில் வேகமாகத் தேயும். உலோகத்தூள் கலந்த சின்டர்ட் பேட் சேற்றையும் சூட்டையும் தாங்கும், கொஞ்சம் இரையும். குறைந்த விலை ரோட்டார்கள் பலவற்றில் 'ரெசின் பேட் மட்டும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதில் சின்டர்ட் பேட் போட்டால் ரோட்டாரை அது அரித்துவிடும்.

நான்காவது, ரோட்டார் அளவு. கிராஸ் கன்ட்ரி சைக்கிள் எடை குறைவாக இருக்க வேண்டிய வகை; இரண்டு பிஸ்டன் காலிப்பரும் 160 மி.மீ. ரோட்டாரும் அதற்குப் போதும். முன்னால் மட்டும் 180 போட்டால், அதே அழுத்தத்துக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். பிரேக் போடும்போது உடல் எடை முன்னால் சாய்வதால், பணத்தை முன் பிரேக்கில் போடுவதே நியாயம். 180 ரோட்டாருக்குச் சரியான அடாப்டர் வேண்டும். ஃபோர்க் அந்த அளவைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு

தாம்பரம் சமதளத்தில் எந்த பிரேக்கும் நல்ல பிரேக்காகத்தான் தெரியும். ஏலகிரியின் 14 வளைவுகளும் ஏற்காட்டின் 20 வளைவுகளும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும்தான் உண்மையைச் சொல்லும். மலையிறக்கத்தில் கார் ஓட்டுபவர் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்கலாம். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை; மொத்தச் சூடும் பேடிலும் ரோட்டாரிலும்தான் இறங்குகிறது. லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் ரோட்டார் ஆறும்.

காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால், பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தக்கையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். பஞ்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தால், நிமிர்த்திய பிறகு லீவரை நாலைந்து முறை அழுத்தி, கெட்டியாக இருந்தால் மட்டும் ஏறுங்கள். ஆயில் கிண்ணத்தில் இருக்கும் காற்று, தலைகீழாக இருந்த நேரத்தில் ஹோஸுக்குள் போயிருக்கக்கூடும்.

புது பேட் போட்ட அன்றே மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். ஆளில்லாத தெருவில் மிதமான வேகத்தில் போய், நடை வேகம் வரை பிரேக் போடுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இப்படி இருபது முறை செய்தால் பேடின் பொருள் ரோட்டாரில் சீராகப் படிந்து முழுப் பிடிப்பு வரும்.

நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் பாருங்கள். நீங்கள் தொடர்ந்து போகும் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்கான பேட் எப்போதும் கிடைக்குமா? இதற்குரிய ஆயில் இருக்கிறதா? ஏர் எடுக்க ஆள் உண்டா? மூன்றுக்கும் 'உண்டு' என்ற பதில் வரும் சாதாரண பிரேக்கை வாங்குங்கள். உதிரிப் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் பந்தய பிரேக்கைவிட, அதுவே பத்திரமானது.