மாதா சுரூபம்: வணக்கம் வேறு, ஆராதனை வேறு

கத்தோலிக்கர் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பெரும்பாலும் மாதா சுரூபமாகத்தான் இருக்கும். கூடத்துச் சுவரில் சின்னதாக ஒரு பலகை. அதன் மேல் முக்காடிட்ட மாதா, ஒரு ஜெபமாலை, ஒரு மெழுகுவர்த்தி. "நீங்களும் சிலையைத்தானே கும்பிடறீங்க?" என்று பக்கத்து வீட்டுச் சிநேகிதிகள் கேட்பதுண்டு. "விக்கிரகம் கூடாதுன்னு பைபிளிலேயே இருக்கே, அண்ணி!" என்பார்கள் வேறு சபை உறவினர்கள். பெரியவர்கள் கேட்டால் சிரித்துச் சமாளித்து விடலாம். நம் பிள்ளை கேட்டால்? தாய்தானே பதில் சொல்லியாக வேண்டும்!

பதில் ஒன்றும் கடினமில்லை. ஆராதனை கடவுள் ஒருவருக்கே; மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். மற்றப் புனிதர்களைவிட மாதாவுக்கு மேலான வணக்கம் உண்டு. ஆனாலும் அது ஆராதனை ஆகாது. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைக் கவனியுங்கள். அதில் 'இதைக் கொடு, அதைக் கொடு' என்ற பேச்சே இல்லை. எங்களுக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம். அப்பாவிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமானால் பிள்ளைகள் அம்மாவைப் பிடித்துக் கொள்வதில்லையா, அந்த மாதிரிதான்.

சரி, சுரூபம் எதற்கு? காலமான அம்மாவின் போட்டோவுக்குப் பூ வைக்கிறோம். அந்தக் காகிதம்தான் அம்மா என்றா நினைக்கிறோம்?

இந்த வழக்கு மிகப் பழையது. 8-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் சக்கரவர்த்திகள், ஆலயங்களிலிருந்த திருப்படங்களை அகற்றச் சொல்லிக் கட்டளையிட்டார்கள். மகனுக்காக ஆட்சியை நடத்திய ஐரீன் ராணி, 787-ல் நிசேயாவில் சங்கத்தைக் கூட்டினார். படத்துக்குச் செய்யும் மரியாதை அந்தப் படத்தில் உள்ளவரையே சேருகிறது. ஆராதனையோ கடவுளுக்கு மட்டும் என்று அங்கே தீர்மானமாயிற்று. பிறகு மறுபடியும் தடை வந்தது. 843-ல் அதை நீக்கியவர் தியடோரா ராணி. அவரும் சிறு வயது மகனுக்காக ஆட்சியைக் கவனித்த தாய்தான்!

பழைய ஏற்பாட்டிலும் ஒரு பாடம் இருக்கிறது. கடவுள் சொல்லித்தான் மோசே வெண்கலப் பாம்பைச் செய்தார். பிற்காலத்தில் ஜனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பித்ததும், எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். ஆக, உருவம் செய்தது தப்பில்லை. அதையே தெய்வமாக்கியதுதான் தப்பு.

நம் வேளாங்கண்ணிக்கு வருவோம். 1962-ல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அந்த ஆலயத்துக்குப் பசிலிக்கா என்ற சிறப்பை அளித்தார். அங்கே மாதா புடவை கட்டிக்கொண்டுதான் நிற்கிறார். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். குணமானவர்கள் வெள்ளியில் கை, கால், கண் செய்து காணிக்கை வைக்கிறார்கள். அது நன்றி, கூலி அல்ல. "இதைச் செய்தால் அதைத் தருகிறேன்" என்று பேரம் பேசுகிற பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது கோயில் எண்ணெயைத் தடவுங்கள், ஜெபம் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். மருந்தை நிறுத்து என்று மாதா ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளையைப் பெற்று வளர்த்தவர் அவர்!

சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினால் மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள். திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். குழந்தையின் கைக்கும் எட்டக் கூடாது. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏற்றுங்கள். எரியும் திரியை விட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள். பிளாஸ்டர் சுரூபத்தை ஈரத்துணியால் துடைத்தால் வர்ணம் போய்விடும். காய்ந்த மெல்லிய துணியே போதும்.

மந்திரித்த சுரூபம் கைதவறி உடைந்துவிட்டால் வீட்டுக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று பயப்பட வேண்டாம். குழந்தையை அடிக்கவும் வேண்டாம். துண்டுகளைக் குப்பையில் போடாமல், கால் படாத இடமாகப் பார்த்து மண்ணில் புதைத்துவிடுங்கள். அப்போது குழந்தையையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். "உடைஞ்சது மண்ணுடா கண்ணா, மாதா இல்லை" என்று சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.